விரிகுடாக் கரையில் வீடா, சதுப்பு நிலமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்களிடம் கரையோர வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஃப்ரீமாண்டில் கேட்டதைத்தான் ஃபாஸ்டர் சிட்டியிலும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நடுநிலை வேஷமெல்லாம் போடப் போவதில்லை. வீடு வேண்டும், ஆனால் கரையில் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

முதல்ல, சண்டை எதைப் பத்தி? சுருக்கமா சொல்லுங்க.

விரிகுடாவின் ஓரமெங்கும் ஒரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம் இருந்தது. பரப்பு ஏறத்தாழ 1,90,000 ஏக்கர். அதில் பெரும்பகுதியை மண்கரை போட்டு அடைத்து உப்பளமாகவும் வயலாகவும் மாற்றினார்கள். மண்ணையும் குப்பையையும் கொட்டி ஊராகவும் விமான நிலையமாகவும் ஆக்கினார்கள். 1990களின் கடைசியில் மிஞ்சியிருந்தது சுமார் 40,000 ஏக்கர்தான். இப்போது உப்பளங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அந்த இடத்தில் வீடு கட்டலாம் என்கிறது ஒரு தரப்பு. மண்கரையை வெட்டிக் கடலை உள்ளே விட்டு மறுபடி சதுப்பாக்குங்கள் என்கிறது இன்னொரு தரப்பு.

அதிகம் பேசப்பட்டது ரெட்வுட் சிட்டி உப்பளம். சுமார் 1,400 ஏக்கர், கார்கில் நிறுவனத்தின் சொத்து. 2009ல் அங்கே 12,000 வீடுகள் வரை கட்டும் திட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்து, 2012ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கீழே இந்த இடம் அடிக்கடி தலைகாட்டும்.

சேறும் கொசுவுமா கிடக்கிற இடம். அதுல காப்பாத்த என்ன இருக்கு?

கொசுவை முதலில் முடித்துவிடுவோம். கொசு பெருக அசையாத தண்ணீர் வேண்டும். தினமும் இரண்டு முறை கடல் ஏறி வடியும் சதுப்பில் அதற்கு வாய்ப்பு குறைவு. வடிகால் அடைபட்ட பழைய பள்ளங்கள்தான் கொசுவுக்குத் தொட்டில். ஓடைகளைத் திறந்துவிட்டால் கொசு குறையத்தான் செய்யும்.

சேறு உண்மை. நீர் வற்றிய நேரம் பார்த்துப் போய், குனிந்து பாருங்கள். தரையோடு தரையாகப் படர்ந்திருப்பது உமரி. நம் ஊர் உப்பளக் கரைகளில் முளைக்கிற உமரிக்குச் சொந்தக்காரி. தண்டைக் கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். இலையுதிர் காலத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அதன் அடியில் உப்புச் சதுப்பு எலி என்று ஒரு கட்டைவிரல் உயரப் பிராணி வாழ்கிறது. இந்த விரிகுடாச் சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஓடைக்கரைச் சேற்றைக் குத்திக் குத்தி நண்டு தேடுவது ரிட்ஜ்வே கானாங்கோழி. இரண்டுமே அழியும் நிலையில் உள்ளவை என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை.

எலிக்காகவா இவ்வளவு கலாட்டா என்று சிலர் சிரிப்பார்கள். சரி, மனிதனுக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். புயல் நாளில் வரும் அலை செடி அடர்ந்த சதுப்பைக் கடக்கும்போதே வேகம் இழந்துவிடுகிறது. பின்னால் உள்ள கரை அந்த அளவுக்கு உயரம் குறைவாக இருந்தாலும் போதும்.

இந்த எதிர்ப்பு எப்ப ஆரம்பிச்சது? இப்ப வந்த பருவநிலை ஆட்கள் கிளப்பினதா?

இல்லை, அறுபது வருஷத்துக்கும் மேலான கதை. ராணுவப் பொறியாளர் படையின் அறிக்கை ஒன்றை வைத்து, இப்படியே நிரப்பிக்கொண்டு போனால் 2020க்குள் விரிகுடா ஓர் ஆறு அளவுக்குச் சுருங்கிவிடும் என்று ஒரு படம் பத்திரிகையில் வந்தது. பெர்க்லி நகரமோ கடலை நிரப்பித் தன் பரப்பை இரட்டிப்பாக்கத் திட்டம் வைத்திருந்தது. கே கெர், சில்வியா மெக்லாஃப்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் 1961ல் அதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். அதுதான் இன்றைய 'சேவ் தி பே' (விரிகுடாவைக் காப்போம்) அமைப்பு.

அந்த அழுத்தத்தில் 1965ல் மெக்அடீர்-பெட்ரிஸ் சட்டம் வந்தது. விரிகுடாப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு ஆணையம் பிறந்தது, 1969ல் நிரந்தரமானது. விரிகுடாவில் மண் கொட்டவும், கரையிலிருந்து 100 அடிக்குள் கட்டவும் அதன் அனுமதி வேண்டும். உப்பளங்களும் அதன் கண்காணிப்பில் வருகின்றன.

உப்பளம் மனுஷன் போட்டது. அதைப் போய் இயற்கைன்னு எப்படி வாதாடுறீங்க?

உப்பளம் இயற்கை என்று யாரும் வாதாடவில்லை. ரெட்வுட் சிட்டியில் இருப்பது உப்பு படியும் பாத்திகளும், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீர்த் தொட்டிகளும்தான். அதில் உமரிகூட முளைக்காது. வாதம் வேறு: அங்கே இன்னும் கான்கிரீட் விழவில்லை. மண்கரை ஒன்றுதான் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் நிலம் சதுப்பாகத் திரும்ப வழி இருக்கிறது. ஒரு தெரு, ஒரு சாக்கடைக் குழாய், நூறு வீட்டுப் பத்திரம் என்று வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

திரும்புமா என்ற சந்தேகத்துக்கு விரிகுடாவின் தென்முனையில் உள்ள ஆல்விசோ பக்கம் பதில் இருக்கிறது. 'தீவுக் குளங்கள்' எனப்படும் மூன்று உப்பளங்களின் கரையை 2006 மார்ச்சில் வெட்டினார்கள். அடியில் ஜிப்சம் ஓடு கெட்டியாகப் படிந்திருந்ததால் செடி பிடிக்குமா என்ற கவலை இருந்தது. கடல்நீர் ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் வண்டலை இறக்கிவிட்டுப் போனது. எதிர்பார்த்ததைவிட வேகமாக மேடு தட்டி, சில வருஷங்களிலேயே பச்சை பிடித்துவிட்டது.

அப்ப கரையை வெட்டிவிட்டாப் போதுமா? இதுக்கு எதுக்குக் கோடிக்கணக்கில செலவு?

தீவுக் குளங்களில் அது போதுமாக இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி வாய்க்காது. தென் விரிகுடாவில் பல உப்பளங்கள் பள்ளமாகிவிட்டன. சான் ஹோசே பக்கம் 1960கள் வரை நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை சில இடங்களில் 13 அடி வரை இறங்கியது. அங்கே வெறுமனே கரையை வெட்டினால் சதுப்பு வராது, ஏரிதான் வரும். பின்னால் ஊர் வேறு இருக்கிறது. முதலில் ஊர்ப்பக்கம் புதுக்கரை எழுப்பி, பிறகுதான் கடல்பக்கக் கரையை வெட்ட முடியும். ரெட்வுட் சிட்டியை ஒட்டிய பேர் (Bair) தீவின் உட்பகுதியில், கட்டுமான இடங்களில் தோண்டிய சுத்தமான மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து உயர்த்திய பிறகே, 2015 டிசம்பரில் கடலை உள்ளே விட்டார்கள்.

15,100 ஏக்கர் தென் விரிகுடா உப்பளச் சீரமைப்புக்கு 50 வருஷக் கணக்கு போட்டிருப்பதும் இதனால்தான்.

வாடகை கட்டி மாளலை. வீடு கட்டவிடாம தடுக்கிறவங்க எல்லாம் ஏற்கெனவே வீடு வாங்கினவங்கதானே?

நியாயமான கோபம். எதிர்ப்பாளர்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். தன் வீட்டு விலையும் தன் தெருவின் அமைதியும் கெடக்கூடாது என்பதற்காகப் பறவையைக் கேடயமாகப் பிடிப்பவர்கள் உண்டு. ஆளை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எட்டு மாடி குடியிருப்பு வருகிறது, சம்மதமா என்று கேளுங்கள். அதற்கும் முகம் சுளித்தால் அவருக்குச் சதுப்பு ஒரு சாக்குதான்.

ரெட்வுட் சிட்டியே இதற்கு நல்ல சாட்சி. உப்பளத் திட்டம் விவாதத்தில் இருந்த அதே காலத்தில், 2011ல், கால்ட்ரெயின் ரயில் நிலையத்தைச் சுற்றிய நகர மையத்தில் சுமார் 2,500 வீடுகளுக்கு இடம் தரும் திட்டத்தை நகர மன்றம் நிறைவேற்றியது. அங்கே குடியிருப்புகள் மளமளவென்று எழுந்தன. அங்கே குடிநீர்க் குழாயும் பேருந்தும் பள்ளியும் ஏற்கெனவே இருந்தன. உப்பளத் திட்டத்துக்கோ தண்ணீரையே தெற்கே வெகுதூரத்தில் உள்ள கெர்ன் கவுண்டியின் நீர் உரிமையை வைத்து ஈடுகட்டுவதாக யோசனை சொன்னார்கள். வீட்டை வேறு இடத்தில் கட்டலாம். கடல் ஏறி இறங்கும் நிலத்தை மலைமேல் உருவாக்க முடியாது.

ஃபாஸ்டர் சிட்டி, ரெட்வுட் ஷோர்ஸ் எல்லாம் இப்படிக் கட்டினதுதானே? ஜனங்க நல்லாத்தானே இருக்காங்க?

நன்றாகத்தான் இருக்கிறார்கள், கரை நிற்கும்வரை. ஃபாஸ்டர் சிட்டி 1960களில் விரிகுடாவிலிருந்தே மணலைத் தோண்டி நிரப்பி எழுப்பிய ஊர். அதன் கரை போதாது என்று கூட்டாட்சி வெள்ள முகமை சொன்னபோது இரண்டே வழி இருந்தது: கரையை உயர்த்துவது, அல்லது ஊர் முழுக்க வெள்ளக் காப்பீட்டுச் சுமையை ஏற்பது. 2018ல் 9 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். அதைச் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் வீட்டுக்காரர்கள்தான், மணல் நிரப்பி விற்றவர்கள் அல்ல.

ஏற்கெனவே இருக்கும் ஊரைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காப்பாற்ற வேண்டிய ஊர்களின் பட்டியலைத் தெரிந்தே நீட்டுவானேன் என்பதுதான் கேள்வி.

இன்னும் ரெண்டு ஆள் உயரம் மண்ணைக் கொட்டி, பெரிய கரையாக் கட்டிட்டா?

மூன்று சிக்கல். ஒன்று, நிலநடுக்கம். 1989 லோமா ப்ரியேட்டா நடுக்கத்தில் மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதி நொறுங்கியது. காரணம், அது நிரப்பிய மண்மேல் நின்றது. ஈரமான தளர்ந்த மண் குலுங்கும்போது குழம்பாகிவிடும். இன்றைய பொறியியல் அதைப் பெருமளவு சமாளிக்கிறது, ஆனால் செலவோடு.

இரண்டு, கடல் மட்டம். கலிஃபோர்னியா அரசின் 2024 வழிகாட்டியின் நடுத்தரக் கணிப்புப்படி 2050க்குள் ஏறத்தாழ 0.8 அடி, 2100க்குள் 3 அடிக்குச் சற்று மேல் உயரும். வேகமான கணிப்பில் 2100க்கு 6.6 அடி. முப்பது வருஷக் கடனில் இன்று வாங்கும் வீடு 2050ஐத் தாண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கரை மேலே வரும் நீரைத் தடுக்கும், அடியில் வருவதைத் தடுக்காது. கடல் ஏறும்போது கரையோர நிலத்தடி நீரும் மேலே ஏறுகிறது. அது அடித்தளத்தையும் சாக்கடைக் குழாயையும் தொடும். பழைய தொழிற்சாலை நிலமாக இருந்தால் புதைந்திருக்கும் நச்சையும் கிளப்பும்.

பாதி வீடு, பாதி சதுப்புன்னு சமரசம் பண்ணா என்ன?

ரெட்வுட் சிட்டித் திட்டம் ஏறக்குறைய அப்படித்தான் முன்வைக்கப்பட்டது. பாதி நிலம் கட்டடத்துக்கு, மீதி பூங்கா, மைதானம், சதுப்பு எல்லாவற்றுக்கும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் கடல் உயர உயரச் சதுப்பு நிலம் உள்பக்கமாக நகர வேண்டும். பின்னால் வீடு நின்றால் அது நகர முடியாமல் இரண்டுக்கும் நடுவே நசுங்கிப் போகும். இன்றைக்குப் பாதி என்பது ஐம்பது வருஷம் கழித்துப் பாதியாக இருக்காது.

அது தனியார் நிலம். அவங்க சொத்து, அவங்க இஷ்டம்னு விட வேண்டியதுதானே?

சொத்து அவர்களுடையது, சரி. சொத்து இருந்தாலே நினைத்ததைக் கட்டலாம் என்று எந்த ஊரிலும் இல்லை. உப்பெடுக்கும் நிலமாகவும் திறந்தவெளியாகவும் வகைப்படுத்தியிருப்பதைக் குடியிருப்பாக மாற்றச் சொல்வது ஒரு புது உரிமையைக் கேட்பது. அதைக் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க ஊராருக்கு உரிமை உண்டு.

நியாயமான விலைக்கு வாங்குவதும் நடந்திருக்கிறது. 2003ல் மாநிலமும் கூட்டாட்சி அரசும் இதே கார்கிலிடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளத்தை 10 கோடி டாலருக்குப் பெற்றன. 15,100 ஏக்கர் என்று மேலே சொன்ன தென் விரிகுடாப் பகுதி அதிலிருந்து வந்ததுதான்.

எதிர்த்தவங்க நிஜமாவே ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயித்தும் இருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். பேர் தீவில் பெரிய கட்டுமானத் திட்டத்துக்கு ரெட்வுட் சிட்டி மன்றம் ஒப்புதல் கொடுத்தது. மக்கள் கையெழுத்து வாங்கி அதை 1982ல் பொது வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 42 வாக்கு வித்தியாசத்தில் திட்டம் விழுந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒரே தெருவில் 43 பேர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால் அங்கே இன்று கானாங்கோழி இல்லை. ஆனால் வாக்கெடுப்போடு கதை முடியவில்லை; 1997ல் ஒரு நில அறக்கட்டளை 1.5 கோடி டாலருக்கு வாங்கிய பிறகுதான் தீவு பத்திரமானது.

தோல்விகள்: அதே ரெட்வுட் சிட்டியில் 2008ல், திறந்தவெளியில் கட்ட மூன்றில் இரு பங்கு வாக்காளர் சம்மதம் வேண்டும் என்று கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. ஃப்ரீமாண்டை அடுத்த நியூவார்க்கில் கரையோரத் தாழ்நிலத்தில் 469 வீடுகளுக்கு நகர மன்றம் 2019ல் ஒப்புதல் தந்தது. வழக்குப் போட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம்தான் நின்றது.

சீரமைப்புக்குப் பணம் யார் தர்றாங்க? கடைசியில நம்ம தலையிலதானா?

ஆமாம், ஒரு பகுதி நம் தலையில்தான். 2016 ஜூனில் ஒன்பது கவுண்டிகளும் சேர்ந்து வாக்களித்து, ஒரு மனைக்கு வருஷம் 12 டாலர் என்று 20 வருஷத்துக்கு வரி போட்டுக்கொண்டன. மொத்தம் சுமார் 50 கோடி டாலர் வரும். மூன்றில் இரு பங்கு தேவை. சுமார் 70 சதவீதம் கிடைத்தது. சொந்த வீடு இருப்பவர்கள் வரி ரசீதில் தேடிப் பாருங்கள், அந்த 12 டாலர் இருக்கும்.

கரையை வெட்டினா பாதரசம் கிளம்பும்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. எதிர்ப்பு இயக்கக் கூட்டங்களில் இதைச் சத்தமாகப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. சான் ஹோசேக்குத் தெற்கே நியூ ஆல்மடன் பாதரசச் சுரங்கம் இருந்தது. அதன் கழிவு குவாடலூப் ஆறு வழியாக ஆல்விசோ சேற்றில் படிந்திருக்கிறது. சேற்றைக் கிளறினால் அது மீனிலும் பறவை முட்டையிலும் ஏறக்கூடும். அதனால் அங்கே ஒரு குளத்தை ஒரேயடியாக வெட்டாமல், திறந்து மூடும் மதகு வைத்து, மீனையும் முட்டையையும் சோதித்துச் சோதித்து மெல்லத் திறந்தார்கள்.

எல்லாத்தையும் சதுப்பாக்கிட்டா உப்பளத்தை நம்பி இருக்கிற பறவைங்க எங்க போகும்?

நல்ல கேள்வி. நூறு வருஷத்துக்கும் மேலாக உப்பளம் இருந்ததில் சில பறவைகள் அதற்கே பழகிவிட்டன. பனி உப்புக்கொத்தி இங்கே பெரும்பாலும் காய்ந்த உப்புத் தரையில்தான் முட்டையிடுகிறது. சதுப்பு வந்தால் அதற்கு இடம் போய்விடும். அதனால்தான் தென் விரிகுடாத் திட்டம் சதுப்பாக்குவது பாதி முதல் 90 சதவீதம் வரை என்று நெகிழ்வாக வைத்துக்கொண்டு, மீதியைக் குளமாகவே பராமரிக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதைப் பறவைக் கணக்கெடுப்பு பார்த்து முடிவு செய்கிறார்கள்.

கடல் ஏறினா நீங்க பண்ற சதுப்பும் மூழ்கிடுமே?

மூழ்கலாம். எனக்கும் மிகவும் உறுத்துகிற கேள்வி இதுதான். சதுப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால் கடல் உயரும் வேகத்துக்கு வண்டல் சேர்ந்து தானும் உயர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடியவர்கள் மலைகளை நீர்ப்பீரங்கியால் கரைத்ததில் ஏராளமான வண்டல் விரிகுடாவுக்கு வந்தது. 1884ல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு அணைகளும் வண்டலைப் பிடித்து வைத்தன. இன்று வரத்து குறைவு.

ஆகவே சீக்கிரம் தொடங்கும் சதுப்புக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். செடி பிடித்துவிட்டால் வண்டலைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். துறைமுகங்களில் தூர்வாரும் சேற்றைக் கடலில் கொட்டாமல் இங்கே கொண்டுவருவதும் உதவும். மேலே சொன்னபடி உள்பக்கம் நகர இடம் விடுவதும் இதற்காகத்தான்.

சட்டம் மாறிட்டா எல்லாம் போச்சா?

ஓரளவு ஆட்டம் காணும். 2019ல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை, ரெட்வுட் சிட்டி உப்பளம் நீர்நிலைகளைக் காக்கும் கூட்டாட்சித் தூய நீர்ச் சட்டத்துக்குள் வராது என்று அறிவித்தது. மாநிலமும் அமைப்புகளும் வழக்குப் போட்டன. 2020 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முடிவு தவறு என்று ரத்து செய்தது. 2023ல் உச்ச நீதிமன்றம் சாக்கெட் வழக்கில் ஈரநிலங்களுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பையே சுருக்கியது. மாநிலச் சட்டமும் விரிகுடா ஆணையமும் தனியாக நிற்பதால் இங்கே பிடி முற்றிலும் தளரவில்லை. இருந்தாலும் பேர் தீவு போல நிலமே பொதுச் சொத்தாகும்வரை யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

நான் ஹெச்1பி விசால இருக்கேன். வாக்கு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

வாக்கு மட்டும்தான் இல்லை. நகர மன்றக் கூட்டத்திலோ விரிகுடா ஆணையக் கூட்டத்திலோ யாரும் பேசலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெரிய திட்டம் என்றால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைவு வெளியாகும். கருத்துச் சொல்லப் பொதுவாக 45 நாள் அவகாசம். அதற்குள் எழுதி அனுப்பும் ஒவ்வொரு கருத்துக்கும் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். "இயற்கையைக் காப்போம்" என்று எழுதினால் ஒரு வரியில் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். "எத்தனை அடி கடல் உயர்வுக்குக் கணக்கிட்டீர்கள், 2070ல் கரைச் செலவு யாருடையது" என்று எழுதுங்கள். உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கும்.

எல்லாம் சரி. கரையோரம் ஒரு வீடு பார்த்திருக்கேன். வாங்கலாமா, வேண்டாமா?

முடிவு உங்களுடையது. நான் சொல்லக்கூடியது எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும். விற்பவர் தரும் இயற்கை இடர் அறிக்கையில் வெள்ள மண்டலமும், நிலநடுக்கத்தில் மண் குழம்பும் மண்டலமும் குறித்திருக்கும். தரகர் கையெழுத்துக்கு நீட்டும் கத்தைக்குள் அது இருக்கும், படிக்காமல் போடாதீர்கள். கூட்டாட்சி வெள்ள வரைபடம் இன்றைய நிலையைத்தான் காட்டும், வருங்காலக் கடல் உயர்வு அதில் இல்லை. அதற்கு விரிகுடா ஆணையத்தின் கடல் உயர்வு வரைபடத்தில் முகவரியைப் போட்டு, 3 அடி உயர்வில் என்ன ஆகிறது என்று பாருங்கள். வீடு மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் சாலையும் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்த ஊர்க் கரை யாருடைய பொறுப்பு, அதற்கு இப்போது என்ன வரி, அடுத்து என்ன வரப்போகிறது என்று நகர அலுவலகத்தில் கேளுங்கள்.